ஊரின் நிறங்களும் திரையின் எழுத்தும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

திருகோணமலையில் இரண்டு ஆண்டுகளாக இணையத்தள வடிவமைப்புத் தொழில் செய்து வருகிறேன். புதிய யோசனைகளுக்காக வெளிநாட்டுத் தளங்களையே நாளெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கும் என் போன்ற இளைஞர்கள் நம் ஊரையும் ஊன்றிப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

அண்மையில் நிலாவெளியிலுள்ள விருந்தினர் விடுதி ஒன்றுக்காக, ஆங்கில எழுத்துக்கென அமைந்த ஆயத்த வார்ப்புருவில் தமிழை இட்டபோது, 'கீ'யின் மேற்சுழியும் 'மூ'வின் கீழ்வளைவும் மேல், கீழ் வரிகளோடு முட்டி நின்றன. வரி இடைவெளியை எழுத்தளவின் 1.2 மடங்கிலிருந்து 1.7 மடங்காக உயர்த்திய பின்னரே வாசிக்க முடிந்தது. ஆனாலும் பக்கத்தில் களையில்லை. மறுநாள் விடியற்காலை கடற்கரையில், உப்புக்காற்றில் வெளிறிய நீலப் படகொன்றின் பக்கவாட்டில் தூரிகையால் எழுதப்பட்டிருந்த பெயரைக் கண்டேன். எழுதியவர் ஒவ்வோர் எழுத்தையும் நெருக்காமல், அதன் சுழி முழுதாக விரிய இடம்விட்டு எழுதியிருந்தார். அந்த நீலமும் அந்த இடைவெளியுமே பிறகு என் வடிவமைப்புக்கு அடிப்படையாயின.

எல்லா மொழி எழுத்துகளையும் கணினியில் கையாள உதவும் பொதுக் குறியீட்டு முறையான ஒருங்குறியில் (யூனிகோட்) தமிழ் 1991 முதலே இடம்பெற்றிருக்கிறது, கருவிகளுக்குக் குறைவில்லை. கடைப் பலகைகளையும் கோணேசர் கோயிலின் வண்ணங்களையும் கூர்ந்து நோக்கும் பழக்கமே நம்மிடம் குறைவு. தகவல் தொழில்நுட்பம் கற்பிக்கும் ஆசிரியர்கள், மாதத்தில் ஒரு நாளாவது மாணவர்களைக் கொப்பியும் பென்சிலுமாகக் கோட்டைப் பக்கமோ துறைமுகக் கரைக்கோ அழைத்துச் செல்லுமாறு வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
இளம் இணைய வடிவமைப்பாளர்,
திருகோணமலை.