மலேசியாவின் நிபோங் திபாலிலிருந்து அம்மாவுக்கு

அன்புள்ள அம்மாவுக்கு,

லேசர் வேலை என்றதும் என் கண் போய்விடுமோ என்று போனில் பயந்தாயே, நான் லேசரைத் தொடுவதே இல்லை. லேசர் ஒளியால் ஒரு மூலக்கூறை வேண்டிய இடத்தில் மட்டும் எப்படித் திருப்புவது என்பதுதான் என் வேலை, எல்லாம் கம்ப்யூட்டருக்குள் நடக்கிற கணக்கு.

நம்ம ஆழித்தேர் மூலை திரும்பும்போது ஊரே வடம் இழுத்தாலும் முட்டுக்கட்டை போடுகிறவர் கையில்தானே தேர் இருக்கிறது? மூலக்கூறை ஒரு பிணைப்பில் மட்டும் திருப்புவதும் அந்த மாதிரிதான். அடுப்பில் வைத்தால் எல்லாப் பிணைப்பும் கண்டபடி ஆடும். ஒளித்துடிப்பை, அதாவது மின்னி மறையும் லேசர் வெளிச்சத்தை, நேரம் பார்த்துப் போட வேண்டும், கொஞ்சம் தாமதித்தாலும் சக்தி மூலக்கூறு முழுக்கப் பரவிவிடும், அப்புறம் அடுப்பும் லேசரும் ஒன்றுதான். நேரம் என்றால் ஃபெம்டோசெகண்ட்: ஒரு நொடியைக் கோடியால் வகுத்து, வந்ததை மறுபடி கோடியால் வகுத்து, அதையும் பத்தால் வகுக்கணும். உன் கண்ணுக்குள்ளேயே ரெட்டினல் என்ற மூலக்கூறு ஒளி பட்டதும் சுமார் 200 ஃபெம்டோசெகண்டில் திரும்பிவிடுகிறது, நீ இதைப் படிப்பதே அதனால்தான்.

எந்தத் துடிப்பு சரி என்று தேட, மூலக்கூறு எப்படி அசையும் என்று சொல்லும் ஷ்ரோடிங்கர் சமன்பாட்டைத் தீர்ப்பதும் துடிப்பை வளைத்துப் பார்ப்பதுமாக என் பொழுது போகிறது. மூலக்கூறுக்கே தன் கணக்கு தெரியும், சோதனைக்கூடத்தில் லேசர் அதனிடமே கற்றுக்கொள்ளட்டும் என்று 1992ல் ஜட்சன், ரபிட்ஸ் என்ற இரண்டு விஞ்ஞானிகள் எழுதினார்கள். நல்ல யோசனைதான். ஆனால் ஏன் அந்தத் துடிப்பு பலித்தது என்று லேசர் சொல்லாது, அதற்கு எங்களை மாதிரி ஆட்கள் வேண்டும்.

போன வாரம் இடி இடித்துக் கரண்ட் போய் மூன்று நாள் கணக்கு போச்சு. உட்கார்ந்து புலம்பிக்கொண்டிருந்தேன், பக்கத்து வீட்டுப் பாட்டி "பசியாறிட்டியாய்யா?" என்று தோசையோடு வந்தார். இங்கே சாப்பிட்டாயா என்பதை அப்படித்தான் கேட்கிறார்கள், காசை வெள்ளி என்கிறார்கள். பாட்டி தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பிறந்தவர், முப்பது வருஷம் பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர். இப்போது சுற்றிலும் எண்ணெய் எடுக்கும் செம்பனைதான். வெயில் ஏறினால் பால் சுருங்கிவிடும், விடியுமுன்னே வெட்டணும், கத்தி ஆழம் போனால் மரம் கெடும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நான் கட்டாபெர்ச்சா என்ற இன்னொரு மரப்பாலைப் பற்றிச் சொன்னேன். ரப்பரும் அதுவும் ஐசோப்ரீன் என்ற சிறு மூலக்கூறுகளைக் கோத்த ஒரே சங்கிலி, இரட்டைப் பிணைப்பில் திருப்பம் மாறியதால் ரப்பர் இழுபடுகிறது, கட்டாபெர்ச்சா இறுகிக் கிடக்கிறது.

"நல்ல பாலைக் கட்டையாக்கவா இவ்வளவு படிச்சே?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். இன்னும் பதில் யோசிக்கிறேன்.

மாவடு யாரிடமாவது கொடுத்து அனுப்பு. பாட்டிக்கும் சேர்த்து.

உன் மகன்