மண் வடிகட்டியும் வாய்க்காலும்: செயலாளரின் ஆண்டறிக்கை

பொதுக்குழுவுக்கு வணக்கம். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் நடந்தன. ஆகவே இந்த அறிக்கை மழைநீர் வாய்க்கால் முனையில் உள்ள மண் வடிகட்டியைப் பற்றியது.

அடியில் 15 செ.மீ. முக்கால் இன்ச் ஜல்லி, அதற்குள் துளையிட்ட நாலு இன்ச் பிவிசி குழாய். மேலே 10 செ.மீ. சிப்ஸ் ஜல்லி, அதன்மேல் 60 செ.மீ. கலவை: எட்டுப் பங்கு கழுவிய மணல், ஒரு பங்கு கோரிமேட்டுப் பக்கத்துச் செம்மண், ஒரு பங்கு கரித்தூள். செம்மண்ணின் சிவப்பு இரும்பு ஆக்சைடு. சோப்புத்தூளின் பாஸ்பேட்டை அதுதான் பிடித்துவைக்கிறது. எண்ணெய், பூச்சிமருந்து எச்சத்துக்குக் கரி. டயர் தேய்ந்து வரும் துத்தநாகமும் பிரேக்கிலிருந்து வரும் செம்பும் பெரும்பாலும் மேல் அரையடியிலேயே தங்கிவிடும்.

ஐப்பசி மழையில் தண்ணீர் இரண்டு நாள் இறங்கவில்லை. பழி கலவைமேல் விழுந்தது. தோண்டிப் பார்த்தால் கலவை நன்றாகவே இருந்தது. ஜல்லிக்கு மேல் விரித்த வடிதுணிதான் சேறு பிடித்துத் தோல்போல் இறுகிக் கிடந்தது. சிப்ஸ் ஜல்லி இருக்கும்போது அந்தத் துணியே வேண்டியதில்லை, எடுத்துவிட்டோம். முன்னால் உள்ள வண்டல் தொட்டியைப் புரட்டாசியில் தூர்வாராததும் ஒரு காரணம். மேல்மண்ணை 5 செ.மீ. சுரண்டிய பிறகு, மண்ணில் குழாயை அறைந்து நீர் ஊற்றிப் பார்த்ததில் மணிக்கு 10 செ.மீ.க்கு மேல் இறங்கியது. 30 செ.மீ.க்கு மேல் போனாலும் நல்லதல்ல; அழுக்கு ஒட்ட நேரம் கிடைக்காது.

சுரண்டிய மண்ணை யாரும் தோட்டத்துக்குக் கேட்க வேண்டாம். உலோகம் நிறைய அதில்தான் இருக்கிறது. மழை படாமல் மூட்டை கட்டி வைத்துள்ளோம்.

வடிகட்டியின் மேல் நட்ட வெட்டிவேர் வெளுத்திருப்பதைப் பார்த்துச் சாணம் போடச் சொல்கிறார்கள். போட்டால் பாஸ்பேட்டும் நைட்ரேட்டும் வடிகட்டியிலிருந்தே வெளியேறும். நைட்ரேட்டை மண் பிடிக்காது; அதற்காகத்தான் வெளிக்குழாயை வளைத்து 40 செ.மீ. உயர்த்தி, அடியில் நீரைத் தேங்கவைத்து, அடிக்கலவையில் மரச்சிராய் சேர்த்துள்ளோம். காற்றில்லாத அந்த நீரில் பாக்டீரியா அதை நைட்ரஜன் வாயுவாக்கும். கோடையில் நீர் நகராமல் நின்றால் அழுகிய முட்டை வாடை வரும்.

ஆர்ஓ கழிவுநீரை வாய்க்காலில் விடும் வீடுகளுக்கு: உப்பு வடிகட்டியில் நிற்காது. சோடியம் மட்டும் செம்மண்ணில் உள்ள களிமண்ணைக் கலைத்துத் துளைகளை அடைக்கும்.

ஆவணிக் கடைசியில் ஒரு முறை, மழைக்காலத்தில் பெருமழை ஒவ்வொன்றுக்கும் பின் ஒரு முறை தொட்டி தூர்வார ஆள்கூலி ஒதுக்க ஒப்புதல் கோருகிறேன்.

செயலாளர்,
குடியிருப்போர் நலச் சங்கம், புதுச்சேரி