என் முழங்காலைக் காத்துத் தந்தவர்களுக்கு

மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் 2013-ல் எனக்கு அறுவை சிகிச்சை நடந்தது. வலது தொடையெலும்பின் கீழ்முனையில், மூட்டை ஒட்டி, ஜெயண்ட் செல் ட்யூமர். பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள் வருகிற கட்டி. புற்றுநோய் அல்ல என்றாலும் எலும்பை அரித்துக்கொண்டே போகும். எனக்கு அப்போது 26 வயது. இப்போதும் சொந்த மூட்டில்தான் நின்று பாடம் நடத்துகிறேன்.

முதல் நன்றி அறுவை செய்த மருத்துவர் ஐயாவுக்கு. "உலோக மூட்டு வைத்தால் ஒருநாள் தேயும், தளரும், மறுபடி மாற்ற வேண்டிவரும். சின்ன வயசு, சொந்த மூட்டே இருக்கட்டும்" என்றார். கட்டியைச் சுரண்டி எடுத்த குழியை எலும்பு சிமென்டால் நிரப்பினார். ஆனால் சிமென்டைக் குருத்தெலும்பை ஒட்டி வைக்கவில்லை. சிமென்ட் இறுகும்போது சூடாகும். இறுகியபின் எலும்பைப் போல வளைந்துகொடுக்காது. அதனால் குருத்தெலும்பு கெட்டால் பின்னாளில் மூட்டு தேய்ந்துவிடும். என் இடுப்பெலும்பிலிருந்து கொஞ்சம் எடுத்து சிமென்டுக்கும் குருத்தெலும்புக்கும் நடுவே ஓர் அடுக்காகப் பரப்பினார். இதையெல்லாம் அம்மாவுக்குப் புரியும்படி ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினாரே, அந்தப் பொறுமைக்குத் தனியாக ஒரு கும்பிடு.

பிசியோதெரபி அக்கா, நீங்கள் இல்லையென்றால் அந்த வேலை பாதியில் நின்றிருக்கும். முழங்காலுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து, அதை அழுத்தச் சொல்வீர்கள். வலியில் திட்டியிருக்கிறேன், நீங்கள் கோபித்ததே இல்லை. தொடைத் தசை வலுவாக இருந்தால்தான் மூட்டுக்குப் பாதுகாப்பு என்று சொல்லிக்கொண்டே இருந்தீர்கள். இன்றும் காலையில் காபிக்கு முன்னால் அதைச் செய்கிறேன்.

நான் வீடு திரும்புவதற்குள் பழைய கழிப்பறையை இடித்து வெஸ்டர்ன் டாய்லெட் போட்டுவைத்த சித்தப்பா, மாடி ஏற வேண்டாமென்று என் வகுப்பைக் கீழ்த்தளத்துக்கு மாற்றிய தலைமையாசிரியை, என் எடை ஏறாமல் பார்த்துக்கொண்ட அம்மா, செலவைத் தாங்கிய முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம், எல்லோருக்கும் நன்றி.

அப்புறம், எக்ஸ்ரே அறை அண்ணன். கட்டி திரும்ப வந்திருக்கிறதா என்று முழங்காலையும், அபூர்வமாக நுரையீரலுக்குப் போகும் என்பதால் நெஞ்சையும் படம் எடுப்பார். "பழைய படத்தைக் கொண்டுவந்தியாம்மா?" என்றுதான் முதலில் கேட்பார். பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தான், மூட்டு இடைவெளி குறையவில்லை, அதாவது குருத்தெலும்பு தேயவில்லை என்று மருத்துவர் போன முறை சொன்னார்.

அடுத்த பரிசோதனைக்குச் சித்திரையில் வருகிறேன், ஐயா.

நன்றியுடன்,
திருமங்கலத்திலிருந்து ஒரு பள்ளி ஆசிரியை