போர்வையைத் திருப்பிப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

காரைக்குடியில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த ஒட்டுத்துணிப் போர்வைக் கண்காட்சி பற்றி உங்கள் நாளிதழில் செய்தி போட்டிருந்தீர்கள். முதலில் நன்றி. குவில்ட் என்றால் ஏதோ மேல்நாட்டுச் சமாச்சாரம் என்று ஒதுக்காமல் கலர் படத்தோடு அரைப் பக்கம் கொடுத்தது பெரிய விஷயம்தான். ஆனால் அந்தச் செய்தியில் குத்துவிளக்கு ஏற்றியவர் பெயர் இருக்கிறது, தலைமை தாங்கியவர், வாழ்த்திப் பேசியவர், நன்றி சொன்னவர் என்று எல்லார் பெயரும் இனிஷியலோடு இருக்கிறது, படத்தில் அவர்களுக்குப் பின்னால் தொங்குகிறதே அரக்கும் மஞ்சளுமாக ஒரு போர்வை, அதைத் தைத்தது யார் என்று மட்டும் ஒரு வார்த்தை இல்லை. ‘சுய உதவிக் குழுப் பெண்கள் தயாரித்தவை’ என்று பொத்தாம்பொதுவாக ஒரு வரி, அதோடு சரி. அந்தப் போர்வையை எந்தக் குழுவும் தயாரிக்கவில்லை. தேவகோட்டைப் பக்கம் ஜாக்கெட் தைத்துப் பிழைக்கிற ஒரு அக்கா, கடை வேலை முடிந்தபிறகு ராத்திரியில் உட்கார்ந்து தைத்தது. அவரைக் கேட்காமல் பெயரை இங்கே எழுதுவது முறையில்லை. நிருபர் கேட்டிருந்தால் சந்தோஷமாகச் சொல்லியிருப்பார், போர்வைக்குப் பக்கத்திலேயே பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

நிருபரை மட்டும் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை. ஏற்பாடு செய்தவர்களே ஒவ்வொரு போர்வைக்கும் கீழே ‘பருத்தி, 60-க்கு 90 அங்குலம்’ என்றுதான் அட்டை குத்தியிருந்தார்கள். துணிக்கடையில் ஜமக்காளத்துக்குப் போடுவார்களே, அந்த விவரம். அட்டையில் பெயர் இல்லை, போர்வையிலும் பெயர் இல்லை. இந்த இரண்டாவதைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று தோன்றியது.

இந்தப் பக்கம் போர்வை தைக்கிறவர்கள் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன், செய்தியைப் படித்தால் என்னவோ காலங்காலமாக நடந்துவரும் செட்டிநாட்டுக் கலை என்பதுபோல் இருந்தது. அப்படியெல்லாம் இல்லை. நம் வீடுகளில் இருந்தது பழஞ்சேலையை நாலு மடிப்பாகப் போட்டு ஓரம் தைத்துப் பிள்ளைக்கு விரிப்பது, பெரியவர்களுக்குக் கட்டிலில் போடுவது, அவ்வளவுதான். துண்டு துண்டாக வெட்டிக் கட்டம் சேர்த்து டிசைன் போட்டுத் தைப்பது இப்போது கற்றுக்கொண்டது. 2019 ஜனவரியில் சென்னையில் இந்தியா குவில்ட் ஃபெஸ்டிவல் நடந்தபோது போய்ப் பார்த்துவிட்டு வந்து ஆரம்பித்தவர்கள் உண்டு, செல்போனில் வீடியோ பார்த்தே பழகியவர்கள் அதைவிட அதிகம். பேங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர், தையல்கடைப் பெண்கள், பெட்டகம் நிறையச் சேலை வைத்திருக்கிற ஆச்சிகள், அப்புறம் ஆண்பிள்ளை டெய்லர் ஒருவர். கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர் என்று வாய்த்த வீட்டில் சேர்ந்து உட்காருவோம். வீட்டு நடுவே முற்றத்தைச் சுற்றிய வளவில் வெளிச்சம் நன்றாக இருக்கும், தரையும் சில்லென்று இருக்கும், பெரிய போர்வையை விரித்துப் போட்டு நாலு பக்கமும் ஊக்கு குத்த அதைவிட நல்ல இடம் கிடையாது. ஆச்சிகளிடம் துணி இருக்கிறது, தையல்கடைக்காரிகளிடம் கை இருக்கிறது. சண்டையும் உண்டு. மெஷினில் தைத்தால் அது குவில்ட்டே இல்லை என்று ஒரு கட்சி, கையால்தான் தைக்க வேண்டும் என்பவர்கள் மூன்று வேளையும் சமைத்துவிட்டு வந்து பேசட்டும் என்று இன்னொரு கட்சி. நான் இரண்டாவது கட்சி.

இதில் என்ன வேலை இருக்கிறது என்று கேட்பவர்களுக்காக ஒரு கணக்கு. 60-க்கு 90 அங்குலப் போர்வையை 6 அங்குலக் கட்டங்களாகப் பிரித்தால் 150 கட்டம். தையலுக்குப் பக்கத்துக்குக் கால் அங்குலம் விட வேண்டும், ஆகவே ஒவ்வொன்றையும் ஆறரை அங்குலமாக வெட்டணும். கால் அங்குலம் என்றால் 2 நூல் (அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு ஒரு நூல்). அதில் அரை நூல் கூடப் பிடித்துவிட்டீர்கள் என்று வையுங்கள், இரண்டு துண்டிலுமாகச் சேர்ந்து ஒரு தையலுக்கு ஒரு நூல் குறையும். வரிசைக்குப் 10 கட்டம், 9 தையல், வரிசை முடியும்போது 9 நூல், அதாவது ஒரு அங்குலத்துக்கு மேல் காணாமல் போயிருக்கும். பக்கத்து வரிசை சரியாக இருந்தால் இரண்டும் ஒட்டவே ஒட்டாது. பிரிக்க வேண்டியதுதான்.

இதில் கண்டாங்கிச் சேலை வந்து சேர்ந்தால் இன்னும் சோதனை. 2019இல் புவிசார் குறியீடு வாங்கின காரைக்குடிக் கண்டாங்கியைப் பற்றி உங்கள் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நல்ல கனமான பருத்தி, அகலக் கரை, உடலில் கட்டம் அல்லது கோடு. வெட்டிச் சேர்க்கும்போது இந்தத் துண்டின் கோடு அடுத்த துண்டின் கோட்டில் போய் நிற்க வேண்டும், ஒரு இழை விலகினாலும் தூரத்திலிருந்தே தெரியும். கரைத்துண்டு நான்கு சேரும் மூலையில் துணி திரண்டு ஊசி இறங்காது. அதற்காக ஒரு வரிசையின் தையல் மடிப்பை இடப்பக்கமும் அடுத்த வரிசையின் மடிப்பை வலப்பக்கமும் சாய்த்து இஸ்திரி போட்டால் இரண்டும் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு மூலை தட்டையாக உட்காரும். சாயம் வேறு. ஈர வெள்ளைத்துணியால் தேய்த்துப் பார்த்து, நிறம் ஏறினால் அந்தச் சேலையைத் திரும்பத் திரும்ப அலசாமல் கத்தரிக்கோல் வைக்கவே கூடாது, இல்லையென்றால் முதல் வெளுப்பிலேயே பக்கத்து மஞ்சள் எல்லாம் ரோஸ் ஆகிவிடும். மேல்துணிக்கும் அடித்துணிக்கும் நடுவில் வைக்க மேல்நாட்டில் பஞ்சுத் தகடு விற்கிறது, நம் வெயிலுக்கு அது ஆகாது, பழைய வேட்டி ஒன்றோ இரண்டோ போதும். இலவம் பஞ்சு தலையணைக்குத்தான், போர்வைக்குள் வைத்தால் ஒரு மூலையில் போய்ச் சேர்ந்துகொள்ளும்.

இவ்வளவும் மேல்பக்கத்தைப் பார்த்தால் தெரியாது. மேலே கலர்தான் தெரியும். திருப்பினால்தான் தையல் தெரியும், மேல் நூல் தளர்ந்திருந்தால் அடியில் கண்ணி கண்ணியாகத் தொங்கும், கையால் தைத்தவர் அவசரப்பட்ட இடம் எது, நிதானமாகப் போன இடம் எது என்று எல்லாம் அங்கேதான் இருக்கும். அமெரிக்காவில் குவில்ட் கண்காட்சிகளில் போர்வையைப் பார்வையாளர்கள் தொடக்கூடாது. ஆனால் பின்பக்கத்தைப் பார்க்க வேண்டும் என்று கேட்டால் வெள்ளைக் கையுறை போட்ட ஆள் வந்து ஓரத்தைத் தூக்கித் திருப்பிக் காட்டுவார். அதற்கென்றே ஆள் நிற்பார்கள். காரைக்குடியில் தொடாதே என்ற பலகை இருந்தது, கையுறையும் ஆளும் இல்லை. வந்தவர்கள் ஜரிகைக்கரையைத் தடவிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

பின்பக்கத்தின் ஒரு மூலையில், அமெரிக்க வழக்கப்படி, சின்னதாக ஒரு துணிச்சீட்டு தைத்திருப்பார்கள். தைத்தவர் பெயர், ஊர், வருஷம், சிலர் யாருக்காகத் தைத்தது என்பதையும் சேர்த்து. நமக்கு வேண்டியது அதுதான்.

செட்டிநாட்டுக்காரர்களுக்குப் பெயர் போடுவதைப் பற்றிச் சொல்லிக்கொடுக்க வேண்டுமா? எவர்சில்வர் கரண்டியில்கூடப் பெயர் வெட்டி வாங்குகிற ஊர் இது. கல்யாணத்தில் பரப்புகிற சாமானில் அண்டாவிலிருந்து டம்ளர் வரை விலாசம் என்கிற இனிஷியல் இருக்கும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் போய்ப் பாருங்கள், வீடு இடிந்து, சாமான் கைமாறி, எங்கெங்கோ சுற்றி வந்த பித்தளைக் குவளையிலும் யாரோ ஒருவருடைய இனிஷியல் மூன்றெழுத்து அழியாமல் இருக்கும். என்ன, அதெல்லாம் வாங்கினவர் பெயர். அடித்த கன்னான் பெயர் ஒன்றிலும் இருக்காது. அதே கடைகளில் மணி கோத்த ஓலைக் கொட்டான் மூடி, குறுக்குத் தையல் போட்ட தலையணை உறை எல்லாம் கிடைக்கும், எந்த ஆச்சி எந்த வயதில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு செய்தது என்று கடைக்காரருக்கும் தெரியாது, விலை கேட்கிற நமக்கும் தெரியாது. போர்வைக்கும் அதே கதி வர வேண்டாம் என்கிறேன்.

பெயர் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. கொல்கத்தா குருசதய் அருங்காட்சியகத்தில் ஒரு காந்தா, அதாவது பழந்துணியை அடுக்கித் தைக்கிற வங்காளப் போர்வை, இருக்கிறது, 19ஆம் நூற்றாண்டில் மானதாசுந்தரி என்ற பெண் தன் அப்பாவுக்காகத் தைத்தது. அவர் தன் பெயரையும் அது யாருக்கு என்பதையும் நூலாலேயே எழுதிவைத்ததால்தான் இன்றைக்கு நான் இந்தக் கடிதத்தில் அவர் பெயரைச் சொல்ல முடிகிறது. காந்தா தைத்த எத்தனையோ பெண்கள் பெயர் தெரியாமலே போய்விட்டார்கள்.

இன்னொன்று அமெரிக்காவில், அலபாமா மாநிலத்தில் கீஸ் பெண்ட் என்கிற சின்னக் கிராமம். அடிமைகளாக இருந்தவர்களின் வம்சாவளிக் கறுப்பினப் பெண்கள், வயற்காட்டில் போட்டுக் கிழிந்த பேன்ட் சட்டையை எல்லாம் வெட்டிக் குளிருக்குப் போர்வை தைத்தார்கள். 2002இல் அந்தப் போர்வைகள் நியூயார்க்கில் விட்னி அருங்காட்சியகச் சுவரில் ஓவியம்போல மாட்டப்பட்டன, 2006இல் அமெரிக்கத் தபால்துறை அவற்றைத் தபால்தலையாகவே போட்டது. அங்கே ‘கீஸ் பெண்ட் மகளிர்’ என்று மொத்தமாக எழுதி முடித்துவிடவில்லை. இது ஆனி மே யங் 1976இல் தைத்தது, இது லொரெட்டா பெட்வே தைத்தது என்று ஒவ்வொன்றும் அதனதன் பெயரோடு இருக்கிறது. ஒருவர் கை மற்றவர் கையைப்போல இருக்காது, பார்க்கிறவர்களுக்கு அது பிடிபட்டது பெயர் இருந்ததால்தான்.

விலை விஷயத்திலும் இது உதவும் என்று நினைக்கிறேன். கண்காட்சியில் ஒரு அம்மா போர்வையைக் கையில் எடுத்து, ‘பழைய சேலைக்கா இவ்வளவு?’ என்று தைத்தவர் எதிரிலேயே கேட்டார். ஜாக்கெட் தைத்தால் கிடைக்கிற கூலியை வைத்து அந்த 150 கட்டத்துக்கும் கணக்குப் போட்டால் சொன்ன விலை அந்தக் கூலியில் பாதிக்குக்கூட வராது, அது அவருக்குத் தெரியாது, தெரிய வாய்ப்பும் இல்லை. அட்டையில் பருத்தி என்று மட்டும் எழுதினால் பருத்திக்குத்தானே விலை பேசுவார்கள்?

பெயர் போடலாம் என்று எங்கள் கூட்டத்தில் பேச்செடுத்தபோது வந்த பதிலையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ‘பேரெல்லாம் எதுக்குடி, ஊர் சிரிக்கும்’ என்றார் ஒரு ஆச்சி. சேலை தந்தவர் பெயரா தைத்தவர் பெயரா என்று வேறு ஒரு வழக்கு. இரண்டையும் போடுங்கள் என்பது என் கட்சி, துணி யாருடையது என்பதும் தெரிய வேண்டியதுதான், சில கண்டாங்கி கல்யாணச் சேலை, அதை வெட்டக் கொடுக்கவும் மனசு வேண்டும். ஆனால் முதல் வரி தைத்தவருக்கு. வேறொருவருக்குக் கூலிக்குத் தைத்தாலும் அப்படித்தான். பெயர் வேண்டாம் என்பவர் ஊரையும் வருஷத்தையும் மட்டுமாவது எழுதட்டும்.

செலவு என்று ஒன்றும் இல்லை. பழைய வேட்டியில் நாலு விரல் அகலத் துண்டு, தண்ணீரில் கரையாத மார்க்கர் பேனா அல்லது ஒற்றை நூலில் எழுத்துத் தையல். மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைப்பதற்கு முன்னாலேயே அடித்துணியின் மூலையில் இதை வைத்துவிட்டால், தையல் அதன் மேலேயும் ஓடிவிடும், அப்புறம் யாரும் நைசாகப் பிரித்தெடுத்துத் தங்கள் கடைப் பட்டையை வைக்க முடியாது. நான் சும்மா சொல்லவில்லை, வாங்கி விற்கிற சிலர் அதைத்தான் செய்கிறார்கள்.

அடுத்த கண்காட்சி தை மாதம் என்று பேச்சு அடிபடுகிறது. ஏற்பாட்டாளர்கள் இதைப் படித்தால், துணிச்சீட்டு இல்லாத போர்வையை வாங்கி மாட்டாதீர்கள், கையுறை போட்டுத் திருப்பிக் காட்ட நாலு கல்லூரிப் பெண்களை நிறுத்துங்கள். உங்களிடம் கேட்பது ஒன்றுதான், ஐயா. செய்தி போடும்போது வாழ்த்திப் பேசியவர்களில் இரண்டு பேரைக் குறைத்துவிட்டுத் தைத்தவர்களில் இரண்டு பேரைப் போடுங்கள். இடம் அதே இடம்தான் ஆகும்.

இப்படிக்கு,
கோட்டையூர் வாசகி ஒருத்தி