கயோட்டி வேட்டை: ஒலிப்பெட்டி வாங்குமுன் காற்றைப் பழகுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் ஸ்னோஷூ (பனியில் புதையாமல் நடக்கக் காலில் கட்டும் அகன்ற சட்டம்) கட்டிக்கொண்டு, ஓநாய்க்கு உறவான கயோட்டியை வேட்டையாடப் போகும் ஆர்வம் ஒன்ராறியோவிலுள்ள நம்மவர்கள் சிலரிடமும் வந்திருக்கிறது. பனிக்காலத்தில் வீட்டுக்குள் முடங்கிக் கிடக்காமல் காட்டுக்குள் கால் வைப்பது நல்ல விடயம். ஆனால் பலரும் இதைப் பழகுவது அமெரிக்காவின் மேற்குப் பகுதிகளில் எடுத்த காணொளிகளைப் பார்த்து. கண்ணுக்கெட்டிய தூரம் வெட்டவெளி, இரவு, வெப்பம் காட்டும் ஸ்கோப், பத்து நிமிடத்தில் ஓடிவரும் கயோட்டி. அந்த முறை இங்கே சட்டத்துக்கும் ஒத்துவராது, நிலத்துக்கும் ஒத்துவராது. முயலின் அலறல் போன்ற ஒலிகளை எழுப்பிக் கயோட்டியை வரவழைக்கும் விலை கூடிய எலக்ட்ரோனிக் ஒலிப்பெட்டியை வாங்கிவிட்டு, பருவம் முழுவதும் ஒன்றையும் காணாதவர்கள் பெட்டியைக் குறை சொல்கிறார்கள். பிழை பெட்டியில் இல்லை. காற்று எங்கே போகிறது என்று பார்க்காததும், இடத்துக்குப் போய்ச்சேர்ந்த விதமும்தான் பிழை.

சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். கனேடிய துவக்கு (துப்பாக்கி) பாதுகாப்புப் பயிற்சி, ஒன்ராறியோ வேட்டைக் கல்விப் பயிற்சி இரண்டிலும் தேறவேண்டும். துவக்கு வைத்திருக்கும் அனுமதிப்பத்திரத்துக்கு முதல்முறை விண்ணப்பிப்பவர் குறைந்தது 28 நாட்கள் காத்திருக்கவேண்டும். நடைமுறையில் அதைவிட நீளும். ஆகவே மார்கழிப் பனியைப் பார்த்த பிறகு விண்ணப்பித்தால் அந்தப் பருவம் போய்விடும். இவற்றுடன் மாகாணத்தின் வேட்டை, மீன்பிடி அட்டையான அவுட்டோர்ஸ் கார்ட்டும் சிறுவேட்டை (சிறு விலங்குகளுக்கான) அனுமதியும் தேவை. தெற்கு ஒன்ராறியோவில் கயோட்டிக்கு ஆண்டு முழுவதும் பருவம் உண்டு. நடுப்பகுதியிலும் வடக்கிலும் ஓநாய்க்கும் கயோட்டிக்கும் சேர்த்துத் டாக் என்னும் தனி அனுமதிச்சீட்டு எடுக்கவேண்டும். அல்கோன்குயின் பூங்காவிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்ப்பிரிவுகளிலும் இரண்டையுமே சுடமுடியாது. அங்கு வாழும் அல்கோன்குயின் ஓநாயைக் கயோட்டியிலிருந்து கண்ணால் பிரித்தறிய முடியாது என்பதுதான் காரணம். சூரிய உதயத்துக்கு அரைமணி முன்பிருந்து அஸ்தமனத்துக்கு அரைமணி பின்புவரைதான் வேட்டை நேரம். இரவு வேட்டை இங்கே குற்றம். வாகனத்திலும் ஸ்னோமொபைலிலும் துவக்கில் ரவை (தோட்டா) இருக்கக்கூடாது. துவக்கில் பொருத்திய மகசினில் (ரவை அடைக்கும் பெட்டியில்) ஒரு ரவை இருந்தாலும் அது நிரப்பிய துவக்குத்தான்.

ரொறன்ரோ நகருக்குள் துவக்கால் சுடவே முடியாது. சுற்றியுள்ள நகரசபைகள் பலவற்றிலும் இதற்குத் தடையோ கட்டுப்பாடோ உண்டு. ஞாயிற்றுக்கிழமை வேட்டையும் தெற்கில் நகரசபைக்கு நகரசபை மாறும். அந்தந்த நகரசபைக்கு ஒரு தொலைபேசி அழைப்பு எடுத்துக் கேட்பது நல்லது. ரவீன்களில் (பள்ளத்தாக்குகளில்) திரியும் நகரத்துக் கயோட்டிக்கும் இந்த வேட்டைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அவற்றுக்குச் சாப்பாடு போடாமல் இருப்பதே அங்கு செய்யவேண்டியது.

துவக்கு விடயத்தில் ஒரு கவனம். தெற்கின் பல கவுண்டிகளில் (மாவட்டங்களில்) சிறுவேட்டை அனுமதியுடன் போகிறவர் .275 அங்குலத்துக்கு மேற்பட்ட குழல் அளவுள்ள ரைபிள் கொண்டுபோக முடியாது. .223 ரெமிங்ரன், .22-250, .243 வின்செஸ்ரர் ஆகியவை அந்த எல்லைக்குள் வரும். தொடங்குபவருக்கு 55 கிறெயின் நிறையுள்ள சன்னத்துடன் (குண்டுடன்), ஒவ்வொரு ரவையையும் கையால் போல்ட்டை இழுத்து ஏற்றும் போல்ட் அக்சன் .223 ஒன்று போதும். 100 யாரில் குறியிலிருந்து நாலு சென்ரிமீற்றர் மேலே படும்படி சரிசெய்தால் ஏறத்தாழ 200 யார்வரை மனக்கணக்கில்லாமல் நெஞ்சைக் குறிவைக்கலாம். அடர்ந்த சேடார் பற்றைக்குள் என்றால் 12 கேஜ் ஷொட்கன் நல்லது. 35, 40 மீற்றருக்கு அப்பால் அதை நம்பக்கூடாது.

இனி ஸ்னோஷூ. கடையில் நிறை வரம்பைப் பார்க்கும்போது உடல்நிறையை மட்டும் கணக்கிடுகிறார்கள். உடுப்பு, பை, துவக்கு, தண்ணீர் எல்லாம் சேர்ந்தால் இன்னும் 12 முதல் 15 கிலோ கூடும். அந்தக் கூட்டுத்தொகைக்கு ஏற்ற அளவை எடுங்கள். இல்லாவிட்டால் தூள்பனியில் முழங்கால்வரை புதைந்து, வியர்த்து, பிறகு உட்கார்ந்திருக்கும்போது விறைத்துப்போவீர்கள். சத்தம்தான் அடுத்த சிக்கல். கடினப் பிளாஸ்ரிக் தளமுள்ளவை உறைந்த பனியில் தகரத்தை இழுப்பது போலக் கத்தும். துணித்தளம் உள்ளவையும், மரச்சட்டத்தில் தோல்வார் பின்னிய பழைய வகையும் அமைதியானவை. குதிக்கால் உயர்த்தும் கம்பி இருந்தால் அது ஆடாமல் ரேப் சுற்றிவிடுங்கள். வெப்பநிலை பூச்சியத்தை நெருங்கும் நாட்களில் அடிப்பற்களில் பனி உருண்டையாக ஒட்டிக்கொண்டு காலைப் பிரட்டும். வீட்டிலேயே சிலிக்கோன் ஸ்பிறே அடித்துவிட்டுப் புறப்படலாம்.

மழை பெய்து உறைந்த மேற்படை இருக்கிற காலையில் வேட்டையை விட்டுவிடுவது புத்தி. ஒவ்வொரு அடியும் நானூறு மீற்றருக்குக் கேட்கும். பூச்சியத்துக்குக் கீழே 10, 15 பாகையில் புதிதாக விழுந்த தூள்பனிதான் நல்ல நாள்.

நடக்கும்போது ரவை வெளியே இருக்கவேண்டும். ஸ்னோஷூவுடன் பின்னோக்கி நடக்க முடியாது. வால்பகுதி குத்திக்கொண்டு ஆளை விழுத்தும். விழுந்தால் குழல்வாயில் பனி அடையும். அப்படியே வெடி வைத்தால் குழல் பிளந்துவிடும். அதனால் புறப்படும்போதே குழல்வாயில் ஒரு துண்டு எலக்ட்ரிக்கல் ரேப் ஒட்டிவிடுங்கள். அதன் ஊடாகவே சுடலாம், குறி மாறாது. ஆனால் விழுந்து எழும்பினால் போல்ட்டைக் கழற்றிக் குழலுக்குள் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்காமல் ரவை போடாதீர்கள். குளம், ஓடை கடக்க நேர்ந்தால் குறைந்தது 10 சென்ரிமீற்றர் தெளிவான ஐஸ் வேண்டும். நீரோட்டம் உள்ள இடத்தில் அந்தக் கணக்கும் உதவாது, சுற்றிப் போங்கள்.

கயோட்டி அங்கே இருக்கிறதா என்பதைப் பனி சொல்லிவிடும். நாயின் தடம் அங்குமிங்கும் அலையும். கயோட்டியின் தடம் நூல் பிடித்தாற்போல நேராகப் போகும். முன்கால் பதிந்த குழியிலேயே பின்கால் பதியும். தடம் நீள்வட்டமாக, ஏழு சென்ரிமீற்றர் அளவில், நடுவிரல்களின் நகக்குறி முன்னுக்கு நெருங்கியிருக்கும். பெப்ரவரியில் மூத்திரப் பனியில் இரத்தத் துளி கண்டால் இணைசேரும் சோடி அருகில் இருக்கிறது என்று கொள்ளலாம்.

காற்றுக்கு வருவோம். கிழக்குக் கயோட்டி மேற்கிலுள்ளதைவிடப் பெரியது, ஓநாயின் கலப்பும் உடையது. முயலின் அலறலைக் கேட்டால் நேரே வந்து விழாது. சத்தம் வந்த இடத்தைச் சுற்றிக் காற்றின் கீழ்ப்பக்கம் (காற்று வீசிச் செல்லும் பக்கம்) போய், மூக்கால் உறுதிப்படுத்திக்கொண்டுதான் அடுத்த அடி வைக்கும். மேற்கிலிருந்து காற்று, வடக்கே பற்றைக்காடு, கிழக்கே வெட்டவெளி வயல் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாகனத்தைத் தெற்கே குறைந்தது நானூறு மீற்றர் தள்ளி நிறுத்திக் கதவை அழுத்தி மூடவேண்டும், அடித்து மூடக்கூடாது. தெற்கிலிருந்து நடந்துவந்து, ஒரு மரத்திலோ வேலிக்கரைப் பற்றையிலோ முதுகைச் சாய்த்து வடகிழக்கு நோக்கி உட்காருங்கள். ஒலிப்பெட்டி உங்களுக்கு வடமேற்கே நாற்பது மீற்றரில் இருக்கட்டும். பற்றையிலிருந்து வரும் கயோட்டி பெட்டியின் வாடையைப் பிடிக்கக் கிழக்கே சுற்றும்போது உங்கள் முன்னால் வெளியில் வந்தாகவேண்டும். காற்றின் கீழ்ப்பக்கம் நூறு மீற்றராவது கண்ணுக்குத் தெரியாத இடத்தில் குரல் கொடுக்கவே வேண்டாம். அது நீங்கள் காணாமலே வந்து, மணந்து, போய்விடும். அடுத்தமுறை அந்தச் சத்தத்துக்கு வராது. சிறிய போத்தலில் ரல்கம் பவுடர் வைத்திருந்து ஊதிப்பார்த்தால் காற்றின் போக்குத் தெரியும். நடந்து வந்த தடத்தில் மேற்கு என்று காட்டிய காற்று, காட்டோரத்தில் வேறாகத் திரும்புவதுண்டு.

வலக்கைக்காரர் இடப்பக்கம் இலகுவாகத் திரும்புவார். எனவே பார்வை வடகிழக்கே இருந்தாலும், உடலைச் சற்று வலப்பக்கம் திருப்பி, எதிர்பார்க்கும் திசைக்கு இடத்தோளைக் காட்டி உட்காரவேண்டும். ஸ்னோஷூவைக் கழற்றிப் பக்கத்தில் நட்டுவையுங்கள்; காலில் இருந்தால் திரும்ப முடியாது. பனியைக் கிளறிப் பள்ளமாக்கி ஃபோம் துண்டு ஒன்றைப் போட்டு அமரலாம். துவக்கைத் தாங்கும் பைபொட் கால்கள் தூள்பனியில் புதைந்துபோகும். அடியில் பனித்தட்டுப் பூட்டிய சுடுதடி (துவக்கைத் தாங்கும் கோல்) தேவை.

வந்து அமர்ந்ததும் ஐந்து நிமிடம் எதுவும் செய்யாதீர்கள். பிறகு முயல் அலறலை அரை நிமிடம், தாழ்ந்த ஒலியில். கயோட்டி நூறு மீற்றரில் படுத்திருந்தால் உரத்த சத்தம் அதை விரட்டிவிடும். மூன்று நிமிட மௌனம். அடுத்தது சற்று உரக்க. இப்படியே பதினைந்து நிமிடம் போனபின் தனிக் கயோட்டியின் ஊளை ஒன்று. கடைசியில் குட்டி கத்தும் ஒலி. மொத்தம் அரைமணி. காணொளிகளில் வரும் பத்து நிமிடம் நம் காடுகளுக்குப் போதாது. இங்கே அது மெல்ல மெல்ல, நின்று நின்று வரும். ஜனவரிக் கடைசியிலிருந்து இணைசேரும் காலமாதலால் ஊளையையே முதலில் வைத்து, பத்து நிமிடம் வாளாவிருப்பது கூடுதல் பலன் தரும். நிறுத்தாமல் ஒலியெழுப்புவது புதியவர்கள் எல்லோரிடமும் காணும் பிழை. உண்மையான முயல் அரைமணி நேரம் அலறாது.

வாயால் ஊதும் குழலை விரும்புபவர் இரண்டு கொண்டுபோகவேண்டும். மூச்சின் ஈரம் நாக்குத் தகட்டில் உறைந்து இரண்டாவது தடவையே குரல் அடைத்துவிடும். ஒன்றைப் பயன்படுத்தும்போது மற்றது சட்டைக்குள் சூடாக இருக்கட்டும். ஒலிப்பெட்டியின் பற்றரிக்கும் அதே கவனிப்பு வேண்டும். குளிரில் லிதியம் வகைதான் தாக்குப்பிடிக்கும்.

சுடுமுன் பார்க்கவேண்டியது இரண்டு. முதலாவது, அது கயோட்டிதானா என்பது. பண்ணை நாய்களும் இந்தச் சத்தத்துக்கு வரும். ஓடும்போது வால் தொங்கியிருக்கும், முகம் ஒடுங்கியிருக்கும், காது நிமிர்ந்து கூர்மையாக இருக்கும். நிச்சயம் இல்லையென்றால் விரல் விசையில் இருக்கக்கூடாது. இரண்டாவது, பின்னால் என்ன இருக்கிறது என்பது. உறைந்த நிலமும் ஐஸும் சன்னத்தைத் தெறிக்கவைக்கும். பின்னால் மண்மேடு இல்லாத வெடி வேண்டாம். வெள்ளை மேலாடை அணிந்தாலும் நடக்கும்போது செம்மஞ்சள் தொப்பி தலையில் இருக்கட்டும். ஸ்கீ ஓடுபவர்களும் அதே காட்டில்தான் வருகிறார்கள்.

வெடி வைத்தபின் எழும்பாமல் குட்டி கத்தும் ஒலியை ஒரு நிமிடம் போட்டால், இணை இருந்தால் நிற்கும் அல்லது திரும்பும். பலன் இல்லாத நாளிலும் எழும்புமுன் காட்டோரம் முழுவதையும் மெதுவாகப் பார்வையிடுங்கள். அதே இடத்துக்கு மூன்று வாரத்துக்குள் திரும்பிப் போகாதீர்கள்.

தோல் விற்றுப் பணம் பார்க்கலாம் என்று யாரும் இதில் இறங்கவேண்டாம். கயோட்டி உரோமம் வைத்த கோட்டுகளுக்குப் பெயர்போன கனடா கூஸ் நிறுவனம் உரோமத்தைக் கைவிடுவதாக 2021 இல் அறிவித்தது. சந்தை முன்புபோல் இல்லை. ஆனால் தோலை வீணாக எறிவது முறையும் அல்ல, சட்டமும் அல்ல. உரிக்கும்போது கையுறை கட்டாயம். ஒன்ராறியோக் கயோட்டிகளின் குடலில் எக்கினோகொக்கஸ் என்ற நாடாப்புழு இருக்கிறது. அதன் முட்டை உரோமத்திலும் ஒட்டியிருக்கும். மனிதரின் ஈரலைத் தாக்கும். வீட்டு ஃபிறீசர் குளிருக்குச் சாகாது. உடலை நாய்க்குக் கிட்டவிடவேண்டாம். வீடு திரும்பியதும் துவக்கை உடனே உறையிலிருந்து எடுத்தால் குளிர்ந்த உலோகம் வியர்த்துத் துரு பிடிக்கும். மூடிய உறையிலேயே சில மணி நேரம் சூடேறவிட்டுத் துடையுங்கள்.

நிலச்சொந்தக்காரரின் அனுமதியை எழுத்தில் வாங்கிச் சட்டைப்பையில் வைத்திருங்கள். செம்மறி வளர்ப்பவர்கள் பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள். ஆனால் எந்த வயலில் மாடு நிற்கிறது, எந்த நாய் அவிழ்த்து விடப்படும் என்பதை அவர்களிடமே கேட்டறியவேண்டும்.

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். மாகாண அரசு ஆண்டுதோறும் வெளியிடும் வேட்டை விதிச் சுருக்கத்திலிருந்து சிறுவேட்டைப் பகுதியையாவது, வேட்டைப் பிரிவு எண்களுடன், உங்கள் பத்திரிகையில் தமிழில் தாருங்கள். ஆங்கிலத்தில் சிரமப்படும் மூத்தவர்களும் பிள்ளைகளுடன் போகிறார்கள். எந்தப் பிரிவில் டாக் வேண்டும், எங்கே முற்றாகத் தடை என்பது அவர்களுக்கும் தெரியவேண்டும்.

இப்படிக்கு,
சிம்கோ கவுண்டி வாசகர் ஒருவர்