மர்மத் தொடர் எழுதுபவர்களுக்கு: நாங்கள் கண்டுபிடித்தால் விடையை மாற்றாதீர்கள்

மர்மத் தொடர்களின் கதாசிரியர்களுக்கும், அவற்றை ஒளிபரப்பும் சேனல்களின் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

ஒரு தொடர் முடிந்து வருடக் கணக்கான பிறகும் அதில் விடை தெரியாமல் போன கேள்விகளைப் பேசிக்கொண்டே இருக்கும் கூட்டத்தில் நானும் ஒருவன். எங்களைப் பற்றி உங்கள் பக்கத்தில் இரண்டு அபிப்பிராயம் இருப்பது தெரியும். எல்லாவற்றுக்கும் விளக்கம் கேட்டு நச்சரிப்பவர்கள் என்பது ஒன்று. ட்விஸ்ட்டை முன்னாலேயே ஊகித்துச் சுவாரசியத்தைக் கெடுப்பவர்கள் என்பது இன்னொன்று. இரண்டுமே சரியில்லை என்று சொல்லத்தான் எழுதுகிறேன். கூடவே ஒரு வேண்டுகோளும் இருக்கிறது. நாங்கள் கண்டுபிடித்துவிட்டோம் என்பதற்காக விடையை மாற்றாதீர்கள். விடையை யோசிக்காமலே, விடை இருக்கிறது என்ற பாவனையும் காட்டாதீர்கள்.

(கீழே பேசப்போகும் தொடர்களை இன்னும் பார்க்காதவர்கள் இத்துடன் நிறுத்திக்கொள்வது நல்லது. எல்லாவற்றின் முடிவையும் சொல்லப்போகிறேன்.)

'லாஸ்ட்' தொடரில் இருந்தே ஆரம்பிக்கிறேன். இந்தப் பேச்சை எங்கே எடுத்தாலும் கடைசியில் அங்கேதான் போய் நிற்கும். 2004 செப்டம்பரில் அமெரிக்காவின் ஏபிசி சேனலில் தொடங்கி, ஆறு சீசன் ஓடி, 2010 மே மாதம் முடிந்தது. ஆளில்லாததாகத் தோன்றும் தீவில் ஒரு விமானம் விழுகிறது. பிழைத்தவர்கள் உதவி கேட்க வழி தேடிக் காட்டுக்குள் போகிறார்கள். அந்த வெப்பமண்டலக் காட்டில் ஒரு பனிக்கரடி பாய்ந்து வருகிறது. அந்தக் கரடியைப் பார்த்த நொடியில் எங்கள் வேலை தொடங்கிவிட்டது.

இரண்டாம் சீசனில் ஒரு காட்சி. நிலத்தடி நிலையத்தில் கனமான கதவு இறங்கி, பிழைத்தவர்களில் ஒருவரான ஜான் லாக்கின் கால் அதற்கடியில் சிக்கிக்கொள்கிறது. விளக்கு அணைந்து புற ஊதா வெளிச்சம் வருகிறது. அதுவரை வெறும் இரும்பாக இருந்த கதவில், கையால் வரைந்த ஒரு வரைபடம் சில நொடிகள் தெரிகிறது. நடுவே ஒரு கேள்விக்குறி, சுற்றிலும் நிலையங்களின் பெயர்கள், கிறுக்கலாகக் கணக்குகள், லத்தீன் வாக்கியங்கள். மறுபடி விளக்கு எரிந்ததும் எல்லாம் மறைந்துவிடும். 2006இல் அது ஒளிபரப்பான உடனே ரசிகர்கள் அந்தப் படத்தை நிறுத்தி, பெரிதாக்கி, வெளிச்சத்தைக் கூட்டி, எழுத்து எழுத்தாகப் படித்தார்கள். 4, 8, 15, 16, 23, 42 என்று தொடர் முழுக்கத் துரத்தி வரும் எண்களைக் கூட்டிப் பார்த்ததும் இதே ஆட்கள்தான். கூட்டினால் 108. அந்த நிலையத்தில் ஒரு பொத்தானை அழுத்த வேண்டியதும் 108 நிமிடத்துக்கு ஒருமுறை. யாரோ உட்கார்ந்து யோசித்து வைத்த விஷயம் இது, தற்செயல் இல்லை. அப்படி யாரோ யோசித்திருக்கிறார்கள் என்ற நம்பிக்கையில்தான் நாங்கள் மெனக்கெடுகிறோம். அந்த நம்பிக்கையை எங்களுக்குக் கொடுத்தவர்கள் நீங்கள்.

சரி, அது உடைந்த இடத்துக்கு வருகிறேன். ஐந்தாம் சீசனில் சாயரும் ஜூலியட்டும் மற்றவர்களும் காலத்தில் முன்னும் பின்னும் தூக்கி எறியப்படுகிறார்கள். ஒரு முறை வந்து விழும்போது, தங்கள் முகாம் பாழடைந்து கிடப்பதைப் பார்க்கிறார்கள். கரையில் யாருடையவோ படகுகள். ஒன்றில் அஜிரா ஏர்வேஸ் என்று எழுதிய தண்ணீர் பாட்டில். படகை எடுத்துக்கொண்டு கிளம்பினால், பின்னால் இன்னொரு படகில் வருபவர்கள் சுடுகிறார்கள். ஜூலியட் திருப்பிச் சுடுகிறாள், அந்தப் படகில் ஒருவர் மேல் குண்டு படுகிறது. அதற்குள் வெளிச்சம் பாய்ந்து இவர்கள் வேறு காலத்துக்குப் போய்விடுகிறார்கள். தண்ணீர் பாட்டிலுக்குப் பிற்பாடு விடை வந்துவிட்டது, அஜிரா விமானம் தீவுக்கு வந்து சேர்ந்தது. சுட்டவர்கள் யார், சுடப்பட்டவர் யார் என்பது மட்டும் தொடர் முடியும்வரை வரவில்லை.

எங்கள் வருத்தத்துக்குக் காரணம் இருக்கிறது. ஒரு நிகழ்ச்சியின் பாதியை இப்போது காட்டி, மறுபாதியைப் பிற்பாடு எதிர்ப்பக்கத்தில் இருந்து காட்டுவதுதான் அந்த சீசனின் இலக்கணம். அதை எங்களுக்குக் கற்றுத் தந்ததே தொடர்தான். அதனால் அந்தப் படகிலிருந்து பார்க்கும் காட்சி கட்டாயம் வரும் என்று காத்திருந்தது எங்கள் பேராசை ஆகாது. பிழைத்தவர்களில் இன்னொருத்தியான லிபியின் கதையும் இப்படித்தான். அவளோடு தீவில் இருக்கும் ஹர்லி முன்பு இருந்த மனநல மருத்துவமனையைக் காட்டிவிட்டு, கேமரா மெல்ல நகர்ந்து, அங்கே நோயாளியாக உட்கார்ந்து அவனையே பார்த்துக்கொண்டிருக்கும் லிபியில் போய் நிற்கிறது. அந்த எபிசோடே அதோடு முடிகிறது. தீவில் தன்னை உளவியலாளர் என்று சொல்லிக்கொண்டவள் அவள். சீக்கிரமே செத்தும் போகிறாள். அங்கே எப்படி வந்தாள், எதற்கு ஹர்லியிடம் மறைத்தாள், எதுவும் கடைசிவரை இல்லை.

அதே தொடரில் தீவின் நடுவே குகைக்குள் ஒரு ஒளி இருக்கிறது. அது என்ன என்று யாரும் விளக்கவில்லை. அப்படி விட்டதுதான் நல்லது என்பது என் கருத்து. விளக்கியிருந்தால் சின்னதாகிப் போயிருக்கும். ரசிகர்களில் பலர் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள், போகட்டும். ஆனால் அந்த ஒளியையும் அந்தப் படகையும் ஒரே பட்டியலில் சேர்த்து, 'மர்மம் மர்மமாகவே இருக்கட்டும்' என்று பேட்டியில் சொன்னால் ஏற்க முடியாது. முதலாவது மனிதனுக்குப் பதில் தெரியாத கேள்வி. இரண்டாவது, 'சுட்டது யார்' என்ற சாதாரணக் கேள்வி.

விடை சொல்லாமல் விட்டும் பார்ப்பவரை மதிக்க முடியும். 2007 ஜூன் 10 அன்று முடிந்த 'தி சோப்ரானோஸ்' கடைசிக் காட்சியில் மாஃபியா தலைவன் டோனி குடும்பத்தோடு சாப்பிட உட்கார்ந்திருக்கிறான். வெளியே மகள் காரை நிறுத்தத் தெரியாமல் முன்னும் பின்னும் எடுக்கிறாள். கதவு திறக்கும் மணிச் சத்தம், டோனி நிமிர்கிறான், திரை இருட்டிவிடுகிறது. கேபிள் போய்விட்டது என்று நிறைய பேர் பதறினார்கள். அவன் செத்தானா இல்லையா என்று இன்றைக்கும் அடித்துக்கொள்கிறோம். ஆனாலும் ஏமாந்த உணர்வு எனக்கு இல்லை. அதே சீசனில், சாவு வரும்போது அதன் சத்தம்கூடக் கேட்காது என்ற பொருளில் படகில் உட்கார்ந்து டோனியின் கூட்டாளி பாபி ஒரு பேச்சுப் பேசுவான். கடைசி எபிசோடுக்கு முந்தைய எபிசோடில் அந்தக் காட்சியை மறுபடி காட்டினார்கள். யோசிப்பவனுக்குக் கையில் ஏதோ ஒன்றைக் கொடுத்துவிட்டுத்தான் இருட்டாக்கினார்கள்.

'ட்வின் பீக்ஸ்' வேறு கதை. லாரா பாமரைக் கொன்றது யார் என்ற கேள்விக்கு உடனே விடை சொல்லும் எண்ணமே அதை உருவாக்கிய டேவிட் லிஞ்சுக்கும் மார்க் ஃபிராஸ்டுக்கும் இல்லை. சேனல் நெருக்கியது. 1990 நவம்பரில் கொலையாளி தெரிந்தான், பார்ப்பவர்கள் குறைந்தார்கள், 1991 ஜூனில் தொடரே நின்றது. மறுபடி வர 2017 ஆனது. விடையை எப்போது சொல்வது என்பது எழுதுபவர் கையில் இருக்க வேண்டும். சேனல் பொறுப்பாளர்களே, இது உங்களுக்கு.

'லாஸ்ட்' விஷயத்திலும் உங்களுக்குப் பங்கு உண்டு. தொடர் எப்போது முடியும் என்றே தெரியாமல் கதையை இழுத்துக்கொண்டே போகும் நிலையில் எழுதுபவர்கள் இருந்தார்கள். மூன்றாம் சீசனில் நாயகன் ஜாக்கின் கையில் இருக்கும் பச்சை குத்தலுக்காகவே ஒரு முழு எபிசோட் வந்தது. அதன் பிறகுதான், 2007 மே மாதம், தொடர் 2010இல் முடியும் என்று அறிவித்தார்கள். முடியும் நாள் தெரியாதவரிடம் எந்த முடிச்சை எப்போது அவிழ்ப்பாய் என்று கேட்பதில் அர்த்தமில்லை. அப்புறம் அந்தக் கடைசி எபிசோட். பெயர்கள் ஓடும்போது, கரையில் கிடக்கும் விமான உடைசல்களின் காட்சிகளைச் சேர்த்தது சேனல். கதையில் அதற்கு இடமே இல்லை. பார்ப்பவர்கள் செய்திக்கு மாறுமுன் கொஞ்சம் ஆசுவாசம் கொடுக்கத்தான் என்று பிறகு விளக்கினார்கள். ஆனால் 'எல்லோரும் முதல் நாளே செத்துவிட்டார்கள்' என்று நம்பியவர்களுக்கு அது ஆதாரமாகிவிட்டது. நடந்ததெல்லாம் நிஜம் என்று ஜாக்கின் அப்பா வாய்விட்டுச் சொல்லியும் பயனில்லை. ஒவ்வொரு ஃப்ரேமையும் நாங்கள் சாட்சியாகப் படிக்கிறோம் என்பதை அன்றைக்கு யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

இனி என் முக்கியமான வேண்டுகோள். 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' கதையின் நாயகர்களில் ஒருவனான ஜான் ஸ்னோவின் பெற்றோர் யார் என்பதை 1990களின் இறுதியிலேயே, கதை புத்தகமாக மட்டும் இருந்தபோதே, வாசகர்கள் சரியாகச் சொல்லிவிட்டார்கள். தொடரில் அது வெளிப்பட்டது 2016இல். தொடராக்க வந்த பெனியாஃபிடமும் வைஸிடமும் புத்தகங்களை எழுதிய ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் கேட்ட கேள்வியே ஜானின் தாய் யார் என்பதுதான். சரியாக ஊகித்ததால்தான் அவர் அவர்களை நம்பினார். யாரோ ஊகித்துவிட்டார்கள் என்று விடையை மாற்றினால், முன்பு வைத்த தடயங்கள் எல்லாம் பொய்யாகிவிடும் என்பது அவர் பல முறை சொன்ன கருத்து. அத்தனை வருடம் முன்பே விடை தெரிந்திருந்தும், பிறந்த குழந்தையாக இருந்த ஜானின் முகத்தில் இருந்து வளர்ந்த ஜானின் முகத்துக்குக் காட்சி மாறியபோது எங்களுக்குச் சிலிர்த்தது.

'வெஸ்ட்வேர்ல்ட்' முதல் சீசனில் வில்லியம் என்ற இளைஞனும் கறுப்பு உடைக்கார முதியவரும் ஒரே ஆள் என்பதை ரசிகர்கள் பாதியிலேயே கண்டுபிடித்தார்கள். 2017இல், இரண்டாம் சீசனின் மூன்றாம் எபிசோடில் வரவிருந்த ட்விஸ்ட்டை ரசிகர்கள் ஏற்கெனவே ஊகித்துவிட்டதால் மாற்றிக்கொண்டிருப்பதாக, தொடரை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜொனாதன் நோலன் சொன்னார். படித்தபோது எனக்குச் சங்கடமாக இருந்தது. கவனமாகப் பார்த்தவனின் கணக்கு சரியாக வந்தால், கணக்கு போட்டவர் நன்றாகப் போட்டிருக்கிறார் என்று அர்த்தம். விடையை மாற்றினால் தோற்பது கவனமாகப் பார்த்தவன். யாருமே ஊகிக்காத முடிவு வேண்டுமென்றால், தடயமே இல்லாத முடிவைத்தான் எழுத வேண்டியிருக்கும். அதில் என்ன இருக்கிறது?

உங்கள் நடைமுறைச் சிரமங்கள் எங்களுக்குப் புரியாமல் இல்லை. 'லாஸ்ட்' முதல் சீசனில் பெரிய புதிராகக் கட்டப்பட்டவன் சிறுவன் வால்ட். கதையில் சில மாதம் ஓடுவதற்குள், நடித்த மால்கம் டேவிட் கெல்லி நெடுநெடுவென்று வளர்ந்துவிட்டார். அதற்கு யார் என்ன செய்ய முடியும்? நடிகர்கள் பாதியில் விலகுவார்கள், பணம் குறையும், வேலைநிறுத்தம் வரும். தொடர் முடிந்த 2010லேயே டிவிடியில் சுமார் 12 நிமிடப் பின்கதை ஒன்றைச் சேர்த்தார்கள். பனிக்கரடிக்கும், வானத்தில் இருந்து விழுந்த உணவுப் பொட்டலங்களுக்கும், வால்ட்டுக்கும் அதில் பதில் கிடைத்தது. பிரமாதமான படைப்பு என்று சொல்ல மாட்டேன், ஆனால் நன்றியோடு பார்த்தோம்.

அதுபோல ஏதாவது செய்யுங்கள். தொடர் முடிந்த பிறகு ஒரு பேட்டி போதும், ஒரு பக்கக் குறிப்பு போதும். இந்த முடிச்சை வேண்டுமென்றே விட்டோம், இதை எழுத நேரமில்லை, இது எங்கள் கைநழுவிப் போனது என்று மூன்றையும் பிரித்துச் சொல்லுங்கள். வேண்டுமென்றே விட்டதை வைத்து நாங்கள் இன்னும் பல வருடம் சந்தோஷமாகச் சண்டை போடுவோம். கைநழுவிப் போனதை அன்றோடு விட்டுவிடுவோம்.

அன்புடன்,
விடாமல் பார்க்கும் ரசிகன்