வாய்ப்பாடு ரீச்சரைப் பற்றிப் பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோருக்கு,

வழமையாக என் கடிதத்தில் தவணைப் பரீட்சைத் திகதி இருக்கும், இல்லாவிட்டால் டெங்குச் சிரமதானத்துக்கு மண்வெட்டி கொண்டுவரச் சொல்லியிருப்பேன். இது அப்படியான கடிதமில்லை. நம் வாய்ப்பாடு ரீச்சர் செவ்வாய்க்கிழமை விடியப்புறம் திருகோணமலை உவர்மலையில் தன் வீட்டில் காலமாகிவிட்டார். வயது 84. முதல்நாள் இரவு இடியப்பமும் சொதியும் சாப்பிட்டு, காலையில் பாடசாலைக்குக் கொண்டுவர வேண்டிய பையை வாசற் கதிரையில் எடுத்து வைத்துவிட்டுத்தான் படுத்தாராம்.

செவ்வாய் அவர் வரும் நாள். எனக்குச் செய்தி வந்தபோது காலை ஏழு மணி, அதற்குள் வேப்பமரத்தடி வாங்கில் அவரிடம் வாசிக்கப் பழகும் பிள்ளைகள் ஏழு பேரும் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். என்ன சொல்வதென்று தெரியாமல் "இண்டைக்கு வகுப்புக்குப் போங்கோ" என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டேன். அது சரியில்லை, அப்போதே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். அதைப் பற்றிக் கீழே எழுதுகிறேன்.

இந்த வருடம் புதிதாகச் சேர்ந்த பெற்றோருக்கு அவரைத் தெரிந்திருக்காது. பிந்தி வந்த பிள்ளையை அவர் ஏசமாட்டார், படலையில் நிறுத்தி "ஏழெட்டு?" என்று கேட்பார். ஐம்பத்தாறு என்றால் உள்ளே போகலாம். தெரியாது என்று முழித்தால் விடையைத் தானே காதுக்குள் சொல்லிவிட்டு, திரும்பவும் சத்தமாகக் கேட்பார். அதனால் வந்த பெயர்தான் வாய்ப்பாடு ரீச்சர். பிள்ளையை இறக்கிவிட வந்த அப்பாமார் சிலரும் ஒன்பதாம் வாய்ப்பாட்டில் மாட்டியிருக்கிறார்கள், யார் யார் என்று நான் எழுதப் போவதில்லை.

1941 இல் பிறந்தவர். 1942 ஏப்ரல் 9 ஆம் திகதி யப்பான் விமானங்கள் துறைமுகத்திலும் சீனக்குடாவிலும் குண்டு போட்டபோது அவர் கைக்குழந்தை, தாய் சேலைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு ஓடிய கதையை ஏதோ தானே கூட ஓடியதுபோலச் சொல்லுவார். 1962 இல் படிப்பிக்க வந்தார். உதவி பெற்ற மிஷன் பாடசாலைகளை அரசாங்கம் கையேற்று அப்போது ஓரிரு வருடம்தான், அவருடைய திருச்சபையில் பலருக்கு அது ஆறாத மனவருத்தம், இவர் என்னவென்றால் அரசாங்க நியமனத்தை வாங்கிக்கொண்டு அடுத்த நாளே வகுப்பில் நின்றார். ஏன் ரீச்சர் என்று ஒருமுறை கேட்டேன், "போர்ட்டைத்தானே மாத்தினவங்கள், பிள்ளைகளை மாத்தேல்லையே" என்றார். 1964 டிசம்பர் புயலில் கூரை போனபோது மரத்தடியில் வகுப்பு வைத்த பழக்கம் கடைசிவரை விடவில்லை. 2001 இல் ஓய்வு, ஆனால் ஓய்வு என்பது சம்பளப் பட்டியலில் மட்டும்தான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் மெதடிஸ்த ஆலயத்துக்குச் சொந்தம். வருடத் தொடக்கத்தில் வரும் உடன்படிக்கை ஆராதனையை அவர் தவறவிட்டதாக யாருக்கும் நினைவில்லை என்று போதகர் சொன்னார். அறுப்பின் பண்டிகை ஏலத்தில் தன் வளவுப் பூசணிக்காயைத் தானே கொண்டுபோய்க் கொடுத்து, பிறகு தானே எல்லாரையும் முந்தி விலை கேட்டு எடுத்து, அதை மறுநாள் நம் பாடசாலைச் சமையலறையில் கொண்டுவந்து வைப்பார். ஒரே பூசணிக்காயில் ஆலயத்துக்குக் காசும் பிள்ளைகளுக்குக் கறியும். சுனாமி வந்ததும் ஒரு ஞாயிறுதான், 2004 டிசம்பர் 26. நத்தார் சேலை மடிப்புக் கலையாமல் ஆராதனைக்குப் போனவர், அன்று மாலை முகாமில் அந்தச் சேலையைக் கிழித்துப் பிள்ளைக்குத் துணியாகக் கொடுத்துவிட்டு வேறு யாருடையதோ சட்டையோடு நின்றதைப் பலர் பார்த்திருக்கிறார்கள். அதே மனுசிதான் நம் வாணி விழாவுக்கு எல்லாருக்கும் முதல் வந்து அவல் பிசைவார், வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் போக வேண்டிய பிள்ளைகளுக்கு நேரம் பிந்துகிறது என்று என் அறைக் கதவைத் தட்டுவார்.

சரி, அந்த வேப்பமர வாங்கு. நம் பாடசாலையில் நான்காம் ஐந்தாம் தரம் வந்தும் வாசிக்கத் தெரியாத பிள்ளைகள் இருக்கிறார்கள், ஒளிக்க ஒன்றுமில்லை. 247 எழுத்தையும் பாட்டுப்போல ஒப்புவிப்பார்கள், அட்டவணையில் நடுவே ஒரு எழுத்தைத் தொட்டுக் கேட்டால் மறுபடி "க, கா"விலிருந்து தொடங்கினால்தான் அந்த எழுத்து வரும். ரீச்சர் அட்டவணையைத் தொடவே மாட்டார். ட, ப, ம, ர என்று கொம்பும் விசிறியும் இல்லாத நாலைந்து எழுத்து, மேலே வைக்க ஒரு புள்ளி. அதை வைத்துப் படம், மரம், பட்டம் என்று முதல் நாளே பிள்ளை ஒரு சொல்லை வாசித்துவிடும். பிஸ்கட் பெட்டி மட்டையை வெட்டித் தன் கையால் எழுதிய அட்டைகள். ஒருநாள் கோட்டைப் பக்கமிருந்து வந்த மான் ஒன்று படலைக்குள் புகுந்து அதில் அரைவாசியைத் தின்றுவிட்டது, "எழுத்துப் படிச்ச மான்" என்று ஒரு வாரம் அதை வைத்தே வசனம் எழுதப் பழக்கினார்.

எனக்கு இது எப்படித் தெரியும் என்றால், 1976 இல் அந்த வாங்கில் நானும் இருந்தேன். மூன்றாம் வகுப்பு, வாசிக்கத் தெரியாது, அடுத்தவன் சொல்வதைக் கேட்டுப் பாடமாக்கிச் சமாளித்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டே பாடத்தை "வாசித்தேன்". ரீச்சர் சிரிக்கவில்லை, யாருக்கும் சொல்லவுமில்லை. புத்தகத்தை மெதுவாகத் திருப்பித் தந்துவிட்டு, நாளைக்குக் கொஞ்சம் வெள்ளென வா என்றார்.

இனி உங்களிடம் சொல்ல வேண்டியவை. சிறிய பிள்ளைகள் கேட்டால் ரீச்சர் செத்துப்போனார் என்றே சொல்லுங்கள். நித்திரை கொள்கிறார், தூரம் போயிருக்கிறார் என்று சொன்னால் பிள்ளை இரவில் படுக்கப் பயப்படும், அல்லது அடுத்த செவ்வாய் வந்து வாங்கில் காத்திருக்கும். தரம் இரண்டுப் பிள்ளை ஒன்று நேற்று என்னிடம் "அப்ப என்ர அட்டை ஆரிட்ட?" என்று கேட்டது. என்னிடம்தான் இருக்கிறது என்று காட்டினேன், அதோடு போய்விட்டது.

கனடாவிலிருந்து மகன் வந்து சேர வேண்டும் என்பதால் சனிக்கிழமை பிற்பகல் 3 மணிக்குத்தான் ஆலயத்தில் ஆராதனை, அதன்பின் நல்லடக்கம். விரும்பியவர்கள் பிள்ளைகளோடு வரலாம், சீருடை வேண்டாம். வழியில் பிள்ளைகளை வெயிலில் வரிசையாக நிறுத்தப் போவதில்லை, அப்படி நிறுத்துவதைப் பார்த்தால் அவர் சண்டைக்கே வருவார். மலர்வளையத்துக்குப் பதிலாக ஒற்றை ரூள் கொப்பி கொண்டுவரும்படி குடும்பத்தார் கேட்டிருக்கிறார்கள், அலுவலக வாசலில் ஒரு பெட்டி வைத்திருக்கிறோம். அப்புறம், செவ்வாயும் வியாழனும் காலை ஏழிலிருந்து ஏழரை வரை அந்த வாங்கில் உட்கார இரண்டு பேர் வேண்டும். ஆசிரியராக இருக்கத் தேவையில்லை, அம்மம்மா அப்பப்பா யாராக இருந்தாலும் நல்லது, அட்டைகளை நான் தருகிறேன். ஆள் கிடைக்கும் வரை நானே உட்காருவேன்.

உங்களுக்கு நான் அனுப்பும் எந்தக் கடிதமும் முதலில் அவரிடம் போய்த்தான் வரும். றகரம் ரகரம் மாறிய இடத்திலெல்லாம் சிவப்பு வட்டம் போட்டு, ஓரத்தில் "அதிபர்!" என்று ஒரு ஆச்சரியக்குறியோடு திருப்பித் தருவார். இதை மட்டும் யாரிடமும் காட்டாமல் அனுப்புகிறேன். அவருடைய சிவப்புப் பேனை என் மேசையில் கிடக்கிறது, பிழை கண்டவர்கள் வந்து வட்டம் போடலாம்.

இப்படிக்கு,
அதிபர்